தரைக்கு மருந்து போடுகிறவன்

சடையனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. குப்பத்தில் யாரும் இதை நம்பத் தயாராக இல்லை. முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கிடக்கிற புதுக்கரைக் குப்பத்தில் பிறந்துவிட்டு, படகில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று ஒருவன் சொன்னால் அது வேலைக்குப் போகாமல் இருக்க எடுத்துக்கட்டிய கதை என்றுதானே நினைப்பார்கள். ஏறிய ஒவ்வொரு முறையும் அவன் வாந்தி எடுத்தான். கூடப் போனவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், கடைசியில் மீன் வரத்து குறைந்ததற்கே இவனுடைய வாந்திதான் காரணம் என்று பேசத் தொடங்கினார்கள். அதற்கு மேல் அங்கே இருந்து பயனில்லை என்று, தொண்ணூற்றிரண்டில் கருங்குழிக்குப் போய் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் லாரி கழுவுகிற ஷெட் ஒன்றில் சேர்ந்துகொண்டான்.

அந்த ஷெட்டில் மண்ணெண்ணெயில் சோப்புத்தூளைக் குழைத்து லாரியின் அடியில் அடித்து, பிரஷர் பம்ப்பில் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். கிரீஸ் பாதி போகும், மீதிப் பாதி கழுவுகிறவன் மேல் வந்து சேரும். சடையனுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. தானே ஒரு மருந்து செய்வது என்று கிளம்பினான். சலவை சோடா, துணி சோப்பைச் சீவிய சீவல், பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய தண்ணீர், இதெல்லாம் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்பதற்குப் பக்கத்து மெஸ்ஸில் வடித்த கஞ்சி. எல்லாவற்றையும் பீப்பாயில் போட்டுக் கட்டையால் கிண்டினான். வேகம் போதவில்லை என்று தோன்றிய ஒரு நாள் காஸ்டிக் சோடாவையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினான்.

அன்றைக்குப் பார்த்து வந்தது மதுராந்தகத்துக்காரர் ஒருவருடைய நெல் லாரி. நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பக்கவாட்டில் தாமரையும் மயிலும், பின்னால் அவர் பெற்ற மூன்று பெண்களின் பெயர்கள். சடையன் மருந்தை அடித்தான், ஊற விட்டான், தண்ணீரைப் பீய்ச்சினான். கிரீஸ் போனது. கூடவே மயிலும் போனது, தாமரையும் போனது, குலதெய்வமும் போனது. கடைசிப் பெண்ணின் பெயரில் பாதி மட்டும் தப்பித்தது. லாரிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஷெட் முதலாளி அவரோடு சேர்ந்து திட்டினார். சடையன் தலை குனிந்து நின்றதைப் பார்த்து, வெட்கப்படுகிறான் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். அவனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன அந்தக் கான்கிரீட் தரை, மருந்து வழிந்த இடமெல்லாம் நேற்றுப் போட்டதுபோல் வெளுத்திருந்தது. தரைக்குப் பெயின்ட் கிடையாது, மயில் கிடையாது, பெண் குழந்தைகள் கிடையாது. அவனுக்கு வேலை போனதும் தொழில் கிடைத்ததும் அந்த ஒரே நாளில்தான்.

பழைய பம்ப் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தரை கழுவக் கிளம்பினான். பெட்ரோல் பங்க், மெக்கானிக் ஷெட், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு என்று அவன் போகாத எண்ணெய்த் தரை செங்கல்பட்டு வட்டாரத்தில் இல்லை. காஸ்டிக் சோடா அவனுடைய ரப்பர் செருப்பின் அடியைத் தின்றுவிட்ட பிறகு அதைக் கைவிட்டான். சலவை சோடாவே போதும், ஊறவிடுகிற பொறுமைதான் வேண்டும் என்று கண்டுகொண்டான். தரையில் கிடப்பதற்கு அழுக்கு என்றும், தான் கலக்குவதற்கு மருந்து என்றும் சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாளில் டாக்டரைப் போலவே பேசவும் ஆரம்பித்துவிட்டான். தரையைப் பார்த்ததும் உட்கார்ந்து விரலால் தடவி, முகர்ந்து, “இது டீசல் இல்ல, கியர் ஆயிலு, உள்ள எறங்கிக்கீது” என்று அவன் சொன்னால், கேட்பவருக்கே கவலை வந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாவலூர்ப் பக்கம் கட்டடங்கள் எழும்பின, கட்டடத்துக்கு அடியில் கார்கள் வந்தன, கார்கள் எண்ணெய் சொட்டின. சடையன் கேளம்பாக்கத்துக்குக் குடிவந்தான். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளர் பக்தவத்சலம் தன் கார் நிற்கிற இடத்துக் கறையை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்தான். அந்த இடம் பளீரென்று வெளுத்து, பக்கத்து வீட்டுக்காரரின் இடம் அசிங்கமாகத் தெரிந்தது. அவர் சண்டைக்கு வந்தார். அவருடையதை வெளுத்தால் அதற்கு அடுத்தவர் வந்தார். இப்படியே சுற்றி வந்து கடைசி இடத்தை முடித்தபோது, முதலில் வெளுத்த பக்தவத்சலத்தின் இடம்தான் இருப்பதிலேயே மங்கலாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அங்கேதான் சடையன் தன் தொழிலின் சட்டத்தைக் கற்றான். எந்தத் தரையானாலும் முதலில் முழுக்க வெறும் தண்ணீர் அடித்து அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் ஓரத்தில் மருந்தைத் தடவிச் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகே மொத்தத் தரைக்கும் போக வேண்டும். அதற்கப்புறம் இந்தச் சட்டத்தை அவன் ஒரே ஒரு தரம்தான் மீறினான். அதுவும் மாமியார் முன்னால்.

மாமியார் ஆதியம்மாளைப் பற்றிச் சொல்லாமல் சடையனைப் பற்றிச் சொன்னால் அது அரைக் கதைதான். புதுக்கரைக் குப்பத்தில் மீன் ஏலம் கூறுகிறவள் அவள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் குரலை வைத்தே மகள் சங்கவியை வளர்த்தவள். அவள் ஏலம் கூறினால் கோவளத்துக்குக் கேட்கும் என்பார்கள். சொந்தப் படகு வைத்திருக்கிற மாப்பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கவியோ திருவிழாவுக்கு ஊர்ப்பக்கம் வந்த சடையனைப் பார்த்து, மீன் வாசம் அடிக்காத ஒரே ஆண்பிள்ளை இவன்தான் என்று முடிவு கட்டினாள். இருவரும் திருப்போரூர் முருகன் கோவிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். ஆதியம்மாள் ஏலத்தை நிறுத்திவிட்டு ஊர் மொத்தமும் கேட்கச் சொன்னாள்: “லாரி கழுவறவன் வூட்டுத் தண்ணிகூட என் தொண்டையில எறங்காது.”

அதன்படியே நடந்தாள். மகளை மீன்கரையில் பார்த்தால் பேசுவாள், பேத்தி வைஷாலிக்குப் பெரிய மீனாகப் பொறுக்கிக் கொடுப்பாள், ஆனால் கேளம்பாக்கத்து வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சடையனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அவனிடம் சொல்ல வேண்டியதைக் காக்காயிடம் சொல்வாள், விளக்குக் கம்பத்திடம் சொல்வாள், கிடக்கிற வலையிடம் சொல்வாள். வைஷாலி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவள், தொட்டில் பக்கத்தில் நின்ற சடையனை நகரச் சொல்வதற்காகத் தொட்டிலிடமே, “குறுக்க நிக்கறவங்கள ஓரமா போச் சொல்லு” என்றாள். சங்கவி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் நல்ல நாள் வந்தால் அவள் முகம் வாடிவிடும். அம்மா ஒரு வேளை தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அது சடையனுக்கும் தெரியும். எத்தனையோ தரைகளை வெளுத்தவனுக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் மருந்து தெரியவில்லை.

ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் குப்பத்துக்கு மீன் ஏலம் போடக் கான்கிரீட் தளம் கட்டிக் கொடுத்தது. நல்ல தளம்தான். ஆனால் அடுத்த இரண்டு வருஷமும் மத்தி மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மத்தி எண்ணெய் தளத்தில் ஊறி ஊறி, நடப்பவரெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய நிலை வந்தது. அங்கே பிடிக்கச் சுவரும் கிடையாது என்பதால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாக விழுந்தார்கள். ஒரு நாள் ஏலத்தின் நடுவே ஆதியம்மாளே கூடையோடு வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. போகும்போதும் விலையைச் சொல்லிக்கொண்டேதான் போனாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆடி வந்துவிட்டது, அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்ற வேண்டும். கூழ் குடிக்க வருகிற ஜனமெல்லாம் இந்தத் தளத்தில் விழுந்து புரளக் கூடாது என்று பஞ்சாயத்துத் தலைவர் ராஜாராம் சடையனுக்குச் சொல்லி அனுப்பினார். கிளம்புகிற அன்று சங்கவி அவனுடைய சட்டையைத் தானே எடுத்துக் கொடுத்தாள். “இத்த மட்டும் ஒயுங்கா முடிச்சிடு. எங்கம்மா மனசு எறங்கினா இதுலதான் எறங்கணும்” என்றாள். அவளும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் குட்டியானை வண்டியில் பம்ப்பும் தண்ணீர்த் தொட்டியும் மருந்துப் பீப்பாயுமாகச் சடையன் போய் இறங்கினான். ரப்பர் பூட்ஸ், கையுறை, கையில் துப்பாக்கி மாதிரிக் குழாய். தளத்தைச் சுற்றி ஊர் கூடியிருந்தது. அம்மன் ஊர்வலத்துக்கு வந்திருந்த பம்பைக்காரர்கள்கூட வாத்தியத்தை இடுப்பில் கட்டியபடி வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சடையன் உட்கார்ந்து தரையை விரலால் தடவி முகர்ந்து, “மத்தி” என்றான். அது அங்கே நிற்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பிறகு சட்டப்படி வெறும் தண்ணீரை அடிக்கத் தொடங்கினான்.

ஆதியம்மாள் தளத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். தலைக்கு மேலே பறந்த காக்காயைப் பார்த்துச் சொன்னாள்: “வெறுந்தண்ணி ஊத்தறத்துக்கா மிஷினு எடுத்தாந்தாங்க? அதுக்குத்தான் கடலு கீதே.”

ஊர் சிரித்தது. சடையனுக்குக் காது மடல் சுட்டது. தண்ணீரை நிறுத்தினான். சோதனையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று பீப்பாய்க் குழாயை எடுத்து, தளம் முழுக்க ஒரு மூலை விடாமல் மருந்தை அடித்துத் தள்ளினான். மருந்தின் மகிமையை மாமியார் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றான்.

வெறும் தண்ணீரை முழுக்க அடித்துப் பார்த்திருந்தால் அந்தத் தரையில் மத்தி எண்ணெய் தவிர இன்னொன்றும் இருந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். காப்புக் கட்டிய நாளிலிருந்து பெண்கள் தினமும் காலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கரைத்து அம்மனுக்கென்று அந்தத் தளத்தில் ஊற்றி வந்தார்கள். அன்று காலையும் ஊற்றியிருந்தார்கள். கறுத்த தரையில் மஞ்சள் தெரியவில்லை, மீன் நாற்றத்தில் மணக்கவும் இல்லை. மஞ்சளில் சோடா பட்டால் என்ன ஆகும் என்பது குழம்புக் கறை பட்ட சட்டைக்குச் சோப்புப் போட்ட யாருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் கூட்டத்துக்கு அது நினைவுக்கு வரவில்லை.

முதலில் நடுவே ஒரு திட்டு சிவந்தது. பிறகு பக்கத்தில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளம் முழுவதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, செக்கச்செவேல் என்று ஆகி ஓரத்தில் வழியவும் தொடங்கியது.

யாரோ ஒருத்தி வீறிட்டாள். சிரிப்பு நின்றது. அலை வந்துபோன ஊர் அது, கெட்ட சகுனம் என்றால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. காப்புக் கட்டின தரையில் ரத்தம் வருகிறது, இவன் எதையோ கொண்டுவந்து ஊற்றிவிட்டான் என்று ஆண்கள் தளத்தை நெருங்கினார்கள். இனி இவனை ஊருக்குள் விடக் கூடாது என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சங்கவி புருஷனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். சடையன் அவள் முகத்தைப் பார்த்தான். தன்னை விரட்டினால் போகட்டும், இவளுக்கு அம்மா வீடு இன்றோடு போய்விடுமே என்று தோன்றியது. அது சோடாதான் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் பம்பைக்காரர் ஒருவருக்கு என்ன தோன்றியதோ, சிவப்பைக் கண்டதும் பழக்க தோஷத்தில் பம்பையை முழக்கிவிட்டார். பம்பை முழங்கியதும் ஆதியம்மாள் தலைமுடி அவிழ்ந்து விழ ஓர் ஆட்டம் ஆடினாள். கூட்டம் அப்படியே பின்வாங்கியது.

அந்தக் குப்பத்தில் வழக்கமாகச் சாமி வருவது சந்திரம்மாவுக்குத்தான். வருஷம் தவறாமல் அவளுக்குத்தான் வரும், வேறு யாருக்கும் வந்ததில்லை. ஆதியம்மாளோ, சாமி வர்றதுக்கும் மூஞ்சி வேணும் என்று சந்திரம்மாவைக் கேலி செய்கிற கட்சி. அன்றைக்குச் சந்திரம்மா மூக்குத்தி திருகாணி வாங்கக் கோவளம் போயிருந்தாள். அம்மன் அதுவரை பொறுக்கவில்லை போலிருக்கிறது.

ராஜாராம் சூடம் கொளுத்திக்கொண்டு வந்து, என்ன குற்றம் என்று சொல்லும்படி கேட்டார். ஆதியம்மாள் கண்ணை உருட்டி ஊரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

“ரத்தம் இல்லடா இது. எனக்கு ஆரத்தி கரைச்சி ஊத்திக்கீறான் என் மருமவன்.”

யார் மருமகன் என்று ராஜாராம் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே சடையனைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. சடையன் பூட்ஸும் கையுறையுமாகச் சிவப்பின் நடுவே நின்றான். குழாயைக் கீழே போடுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் குழாயோடு சேர்த்துக் கும்பிட்டான்.

“இத்தினி வருசமா அவன வாசல்லயே நிக்க வெச்சீங்க. நாளைக்கு அவன் வூட்டுல, அவன் கையால கிண்டின கூழு குடிச்சாத்தான் என் வயிறு குளுரும்.”

சொல்லிவிட்டு ஆதியம்மாள் சாய்ந்தாள், நான்கு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அம்மன் எப்படிக் கேளம்பாக்கம் போய்க் கூழ் குடிப்பாள் என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அந்த நேரத்தில் மூக்குத்தித் திருகாணியோடு வந்து சேர்ந்த சந்திரம்மா, தன் இடத்தில் இன்னொருத்தி மயங்கிக் கிடப்பதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் முறை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யார் உடம்பில் வந்தாளோ அவர்தான் போய்க் குடிக்க வேண்டும், அதுதான் வழக்கம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

சோடா என்று சொல்லச் சடையன் இரண்டாம் முறை வாயைத் திறந்தான். சங்கவி அவன் இடுப்பில் கிள்ளிய கிள்ளில் வாய் தானாக மூடிக்கொண்டது. மீதி வேலையைச் செய்தான். தண்ணீரைப் பீய்ச்சியதும் சிவப்பெல்லாம் வழிந்தோடித் தரை வெளேரென்று வந்தது. ஆனால் தரையை யார் பார்த்தார்கள்? ஜனம் வழிகிற சிவப்பைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டது, பாட்டிலில் பிடித்துக்கொண்டது. வேண்டாம், எரியும் என்று சடையன் ஒவ்வொருவராகத் தடுத்துப் பார்த்தான். ஆத்தா என்றால் எரியத்தானே செய்வாள் என்று பக்தியோடு தேய்த்துக்கொண்டார்கள். அவன் வாழ்நாளில் வெளுத்த தரைகளிலேயே சிறந்த தரை அது. அதற்காக ஒருவரும் அவனை ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

ஞாயிறு காலை சடையன் வீட்டில் கூழ் கிண்டினான். கிண்டுவதில் அவனுக்குக் குறை கிடையாது. சோடா டப்பாவை மட்டும் சங்கவி எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். கருவாட்டுக் குழம்பு அவள் வைத்தாள். வைஷாலிக்கு எண்ணெய் தடவிச் சடை பின்னிவிட்டு, வாசலைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தாள். அடுப்படியைவிட வாசலில்தான் அதிகம் நின்றாள்.

ஆதியம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசற்படியில் ஒரு கணம் தயங்கி, பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். சுவரையும் தரையையும் கூரையையும் பார்த்தாள், சடையனை மட்டும் பார்க்கவில்லை. பாயில் உட்கார்ந்தாள். சங்கவி குழம்பு எடுத்துவர உள்ளே போனாள். சடையன் சொம்பில் கூழை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினான். அவள் வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

இதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஊர் முன்னால் போட்ட சபதத்தை ஒரு பொம்பளை உடைக்கப்போகிறாள், அதுவும் தான் செய்த தப்பினால் ஏமாந்து. சங்கவிக்குத் தெரிந்தால் தன்னைக் கொன்றுபோடுவாள் என்பதும் தெரிந்தேதான் சொன்னான்.

“அத்த, குடிக்காதீங்கோ. ஒண்ணு சொல்லிடறேன். அது ஆத்தா இல்ல. மஞ்சாத்தண்ணி மேல என் சோடா பட்டுச்சு, அதான் செவந்துச்சு. நான் முழுசா தண்ணி அடிச்சிப் பாத்திருக்கணும், பாக்கல. ஊருக்காகக் குடிக்க வந்தீங்கன்னா, வாணாம். நான் யாராண்டயும் சொல்லமாட்டேன்.”

ஆதியம்மாள் சொம்பை இறக்கினாள். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தக் குரலைத் தாழ்த்த முடியும் என்பதே சடையனுக்கு அன்றுதான் தெரிந்தது.

“ஊர்ல கண்ணாலம்னா ஆரத்தி கரைக்கறவ நானு. மஞ்சா எதுல செவக்கும்னு எனக்கு நீ சொல்றியா?”

 அப்படியானால் சாமி வந்தது பொய்யா என்று சடையன் கேட்டான்.

“பொய்யின்னு சொல்லாத, நாக்கு அழுகிடும். வந்தா. பம்பை அடிச்சதும் நெசமாத்தான் தூக்கிப் போட்டுது. ஆனா ராஜாராம் சூடம் ஏத்தறதுக்குள்ள போயிட்டா. கண்ணத் தொறந்து பாக்கறேன், என் பொண்ணு உன் முன்னால நின்னுகினு கீறா, எல்லாம் உன்ன அடிக்க வரானுங்க. என் வாயால போட்ட சபதத்த என் வாயால நான் எப்பிடி எடுக்கறது? அதுக்கப்புறம் பேசினது நானு.”

சொல்லிவிட்டுச் சொம்பைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள். குழம்புச் சட்டியோடு வந்த சங்கவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஆதியம்மாள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு காலிச் சொம்பை நீட்டினாள். வீட்டில் காக்காயும் இல்லை, கம்பமும் இல்லை.

“உப்பு பத்தல மருமவனே” என்றாள்.